ஆகஸ்ட் 15 முடிஞ்சப்புறம் கிழிஞ்ச கொடிய என்ன செய்யணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

தக்கலை படிப்பகம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கத்துல ஒரு கிராமத்துல நாங்க கொஞ்சபேர் சேந்து படிப்பகம் நடத்துகோம். வருஷா வருஷம் சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடி ஏத்தி, பிள்ளையளுக்கு மிட்டாய் குடுத்து, பேச்சுப்போட்டி ஓட்டப்போட்டி எல்லாம் வைப்போம், அதுல ஒரு குறையும் இல்ல. எனக்குள்ள கேள்வி அதுக்கு அடுத்த நாளப் பத்தி.

2022ல வீட்டுக்கு வீடு கொடி ஏத்தச் சொன்னப்போ போஸ்ட் ஆபீஸ்ல 25 ரூபாய்க்கு வாங்கி எங்க தெருவுல முக்காவாசி வீட்டுல கட்டினாங்க. பாக்கவே அவ்வளவு அழகா இருந்துது. ஆனா சில வீட்டுல அதே கொடிதான் இன்னும் மொட்டமாடி தண்ணி டேங்க் கம்பியில கெடக்கு. காவி வெளுத்து வெள்ளையோட சேந்துட்டு, பச்சை ஓரம் நாரு நாரா பிரிஞ்சி போச்சு, சக்கரம் எங்கன்னு தேடணும். இது போக ஒவ்வொரு ஆகஸ்ட் 16ம் ரோட்டோரத்துலயும் ஓடையிலயும் பேப்பர் கொடி, குண்டூசியோட பேட்ஜ், குச்சியில ஒட்டின பிளாஸ்டிக் கொடின்னு கெடக்கும். இந்தத் தடவ பயலுவள கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் பொறுக்கி ஒரு சாக்குல கட்டி படிப்பகத்துல வச்சிருக்கோம். குப்பை வண்டியில போட மனசு வரல்ல. எரிச்சிரலாம்னு ஒருத்தர் சொன்னாரு, ஒடனே எங்க ஊரு பெரியவர் ஒருத்தர் சத்தம் போட்டாரு, கொடிய எரிச்சா கேஸாவும் ஜெயிலுக்குப் போவியன்னு. எது சரி?

இன்னொண்ணு. மொட்டமாடியில கிழிஞ்ச கொடி வச்சிருக்க வீட்டுக்காரங்ககிட்ட எப்படி பேசது? எல்லாம் சொந்தக்காரங்களும் அக்கம்பக்கமும்தான். நீ யாருலே எனக்கு நாட்டுப்பற்று சொல்லித்தரன்னு கேட்டுட்டாங்கன்னா அதோட பேச்சு முறிஞ்சிரும்.

அருமனை எக்ஸ் சர்வீஸ்மேன் எழுதியது:

தம்பி, அந்தச் சாக்க குப்பை வண்டிக்கு குடுக்காம எடுத்து வச்சதுக்கு மொதல்ல ஒரு சல்யூட்.

உங்க ஊரு பெரியவர் சொன்னது வெறும் பயம் இல்ல. 1971ல வந்த தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி பொது எடத்துலயோ நாலுபேர் பாக்க மாதிரியோ கொடிய எரிக்கது, கிழிக்கது, மிதிக்கது எல்லாம் குற்றம்தான், 3 வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு, அபராதமும் உண்டு, ரெண்டும் சேத்தும் போடலாம். ஆனா 2002 கொடி விதிகள்ல வேற ஒரு எடம் இருக்கு. கிழிஞ்சோ அழுக்காயோ போன கொடிய கண்ட எடத்துல போடக்கூடாது, தனி எடத்துல வச்சி முழுசா அழிக்கணும், அதுக்கு எரிக்கதுதான் நல்லது, இல்லன்னா கொடியோட கண்ணியத்துக்கு கொறவு வராத வேற முறையில செய்யலாம்னு எழுதியிருக்கு. கோவத்துலயோ கேவலப்படுத்தவோ ஊரறிய எரிக்கது ஒண்ணு, வயசான கொடிக்கு மரியாதையா கடைசிக் காரியம் செய்யது வேற. நஞ்சி போன கொடிய கம்பத்துலயே தொங்க விடதுதான் தப்பு, கிழிஞ்ச கொடி பறக்கக் கூடாதுன்னும் அதே விதியில இருக்கு. இத அப்படியே அந்த பெரியவருக்கு வாசிச்சுக் காட்டுங்க, அவரும் கூட வந்து நிப்பாரு.

எப்படி செய்யணும்னு கேட்டா, காலையிலயே படிப்பகத்துக்குப் பின்னால ஒரு எடத்த பெருக்கி தண்ணி தெளிச்சிருங்க. கொடிய சாக்கோட கொட்டப்பிடாது, ஒவ்வொண்ணா எடுங்க. மேசையில குறுக்கா விரிச்சி காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில மடிங்க, பொறவு ரெண்டு பக்கத்துலயும் இருந்து வெள்ளைய உள்ள மடிச்சா சக்கரமும் கொஞ்சம் காவியும் கொஞ்சம் பச்சையும் மட்டும் மேல தெரியும். அத ரெண்டு உள்ளங்கையிலயும் வச்சி கொண்டு போகணும், கக்கத்துல இடுக்கப்பிடாது. தீ நல்லா பிடிச்சப்புறம் மெதுவா வைங்க, முழுசா சாம்பலாகது வரைக்கும் எடத்த விட்டு நகராம நில்லுங்க, சாம்பல ஒரு மரத்து மூட்டுல போட்டு மூடுங்க. போன் ஒருத்தர் கையிலயும் வேண்டாம். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டா அது தனி எடமும் இல்ல, பாக்கவன் என்ன நினைப்பான்னும் சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. 2021 டிசம்பர்ல விதிய மாத்தினப்புறம் பாலியஸ்டர் கொடியும் மெஷின்ல செஞ்ச கொடியும் வந்துட்டு. பாலியஸ்டர் எரியும்போ உருகிச் சொட்டும், கரும்புகை வரும், கையில பட்டா தோலோட ஒட்டிக்கிடும். பிள்ளையள பக்கத்துல விடாதுங்க. அந்த மாதிரி கொடிய மடிச்சி, வெள்ளத்துணியில பொதிஞ்சி, ஆள் நடமாடாத எடத்துல ஆழமா குழி தோண்டி புதைக்கதுதான் எனக்கு சரின்னு படுகு.

தோவாளை மேக்காத்து எழுதியது:

சார் சொன்னது எல்லாம் சரி, ஆனா புதைக்கதுல எனக்கு சம்மதம் இல்ல. பாலியஸ்டர் மண்ணுல மக்காது சார், நாலு வருஷம் கழிச்சி எவனாவது தென்னங்கன்னு வைக்க தோண்டுவான், மம்பெட்டியில கொடி வரும், அது மரியாதையா? இருக்க பாலியஸ்டர் கொடிய துவைச்சி காயவச்சி ஒரு பெட்டியில மடிச்சி வைங்க, கிழியாதது அடுத்த வருஷம் ஆவும், கிழிஞ்சது மட்டும் ஆள் பாக்காத திறந்த வெளியில ஒவ்வொண்ணா எரிங்க. இனிமே வாங்குகது பருத்தியா, கதரா பாத்து வாங்குங்க. நாகர்கோவில்ல கதர்க் கடையில கேட்டா கிடைக்கும், விலை கூடுதல்தான், ஆனா கொடியா இருக்கும்.

நம்ம மாவட்டத்துல கொடிக்கு பெரிய எதிரி காத்துதான் மக்களே. ஆரல்வாய்மொழி முப்பந்தல் பக்கம் கரண்ட் எடுக்க அவ்வளவு காத்தாடி சும்மா நட்டு வைக்கல்ல, ஆடி ஆவணியில மலையிடுக்கு வழியா வருக காத்துல துணி ஒரு வாரம் தாக்குப்பிடிக்காது. 2022 ஜூலையில ராத்திரியும் கொடி பறக்கலாம்னு விதிய மாத்தினாங்க, அதுக்கு முன்னால சூரியன் உதிச்சி ஏத்தி மறையும் முன்னால எறக்கணும். இப்பவும் சாயங்காலம் எறக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல்ல. எங்க ஏரியாவுல எறக்கி மடிச்சி பீரோவுல வச்சாத்தான் அடுத்த ஜனவரிக்கு கொடி மிஞ்சும். உங்க தெரு வீட்டுக்காரங்ககிட்டயும் இத காத்து மேல பழி போட்டே சொல்லுங்க. அண்ணாச்சி காத்துல கிழியுகு பாருங்க, எறக்கி வச்சிருவோமான்னு கேட்டா யாருக்கும் ரோஷம் வராது.

பூ வைக்கவங்களுக்கு ஒரு விஷயம், கொடிக்குள்ள பூ வைக்க விதியில அனுமதி உண்டு. ஆனா விடியக்காலம் எங்க சந்தையில வாங்கி ஈரத்தோட அப்படியே வச்சிருகாங்க. ஈர இதழ் துணியில ஒட்டிக்கிட்டு கொடி விரியாது, கயித்த பிடிச்சி ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுவாங்க, விரிஞ்சாலும் வெள்ளையில கறை விழுந்திருக்கும். உதிரி ரோஜா இதழ முந்தின நாளே பேப்பர்ல நிழல்ல காயப்போட்டு கொஞ்சமா வைங்க. கேந்திப்பூ வேண்டவே வேண்டாம், மஞ்சக்கறை போகாது. முடிச்சி ஒரே சுருக்கு முடிச்சுதான், இழுத்தா பொட்டுன்னு அவுரணும். முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடவ இழுத்துப் பாத்துருங்க, காவி மேல வருகான்னும் அப்பவே தெரிஞ்சிரும். தலைகீழா ஏறினா விருந்தாளி முன்னால அந்த மனுசன் படுக பாடு சொல்ல முடியாது.

மார்த்தாண்டம் ஆட்டோ எழுதியது:

எல்லாரும் விதி விதின்னு சொல்லுகிய, எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. எங்க ஸ்டாண்டுல ஆகஸ்ட் 15 அன்னைக்கு எல்லா வண்டியிலயும் கொடி கட்டுவோம். இந்த மண்ணு சும்மா கிடைச்சது இல்ல. தமிழ்நாட்டோட சேரணும்னு போராடினப்போ 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச் சூட்டுல ஆள் செத்து, 1956 நவம்பர் 1லதான் நாம தமிழ்நாட்டோட சேந்தோம். எங்க தாத்தா அத சொல்லும்போ கண்ணு கலங்கும். ஆகஸ்ட் 11க்கும் 15க்கும் நாலு நாள்தான் இடைவெளி, ரெண்டையும் நினைச்சித்தான் நாங்க கொடி கட்டுகோம். வண்டியில கொடி கட்டினா தப்புன்னு போன வருஷம் ஒருத்தன் எங்ககிட்ட சண்டைக்கு வந்தான். ஆசையா கட்டுகவனுக்கும் கேஸா?

அருமனை எக்ஸ் சர்வீஸ்மேன் எழுதியது:

மக்கா, உன் தாத்தா கதைய ஸ்டாண்டுல சின்னப் பயலுவளுக்கும் சொல்லு. விதிய மட்டும் சொல்லிருகேன். கார்ல கொடி பறக்க விடுகது ஜனாதிபதி, கவர்னர், பிரதமர், மந்திரி, நீதிபதி இந்த மாதிரி பதவியில உள்ளவங்களுக்கு மட்டும் உள்ள உரிமை. வண்டி மேலயோ பக்கவாட்டுலயோ பின்னாலயோ போத்தவும் கூடாது. அதுக்காக ஆட்டோக்காரன அவமதிச்சான்னு சொல்லதும் சரியில்ல, அவமதிக்க நினைக்கவன் இப்படி காசு போட்டு வாங்கிக் கட்டமாட்டான். ஸ்டாண்டுல ஒரு கம்பம் நட்டு எல்லாரும் சேந்து ஏத்துங்க, அதுக்கு முழு உரிமை உண்டு. 2002 ஜனவரி 26க்கு முன்னால சாதாரண ஜனம் நினைச்ச நாளெல்லாம் வீட்டுல கொடி ஏத்த முடியாது. அது நம்ம அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் 2004ல தீர்ப்பே குடுத்தாச்சு. கோர்ட்டுக்குப் போயி வாங்கின உரிமை, அத கம்பத்துல கம்பீரமா காட்டுங்க. சட்டையில நெஞ்சுல பேட்ஜ் குத்திக்கிடுங்க, அதுல தப்பே இல்ல.

குளச்சல் டீச்சர் எழுதியது:

நான் ஸ்கூல்ல வேலை பாக்கேன், பேப்பர் கொடி விஷயத்த மட்டும் சொல்லுகேன். விழா முடிஞ்சி கேட்டுக்கு வெளிய போற வழியில ஒரு அட்டைப்பெட்டிய வச்சிருவோம், மேல வெள்ளத்தாள் ஒட்டி அஞ்சாங்கிளாஸ் பிள்ளையளே சக்கரம் வரைஞ்சிருக்கும். வீட்டுக்கு கொண்டுபோக ஆசைப்படுகவங்க கொண்டுபோகலாம், வேண்டாம்னு நினைக்கவங்க அதுல போடணும், தரையில மட்டும் போடக்கூடாது. மொதல்ல பாதிப்பேர் போடமாட்டாங்க, ஒரு டீச்சர் அங்கேயே நின்னா அடுத்த வருஷம் தன்னால பழகிரும். பெட்டிய வாட்ச்மேன் அண்ணன் பொறவு தனியா எரிச்சிருவாரு. பிளாஸ்டிக் கொடிய ஸ்கூலுக்குள்ளயே விடதில்ல, எங்க ஊருல அது ஓடை வழியா நேரா கடலுக்குத்தான் போகும்.

பாட்டப் பத்தியும் ஒரு வார்த்தை, இதுவும் கொடி மாதிரித்தான். தேசிய கீதம் சுமார் 52 வினாடி, நம்ம தமிழ்த்தாய் வாழ்த்து 55 வினாடி. 2021 டிசம்பர்ல அத மாநிலப் பாடலா அறிவிச்சப்போ எல்லாரும் எழுந்து நிக்கணும், மாற்றுத்திறனாளிங்களுக்கு விலக்கு உண்டுன்னு சொன்னாங்க. எழுதின மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்துல பேராசிரியரா இருந்தவரு, அப்போ நம்ம ஊரும் அதே திருவிதாங்கூர்தான், இத சொன்னா பிள்ளையளுக்கு ஒரு சந்தோஷம். வேகமா ஓட்டிப் பாடி முடிக்க விடாதுங்க, மைக்குல பாடுகவங்கள ஒரு வாரம் முன்னாலயே பழக்குங்க.

அப்புறம் எல்லாரும் வாய தொறந்து பாடுகாங்களான்னு வரிசை வரிசையா போயி முறைக்க வேண்டாம். 1985ல கேரளாவுல மூணு பிள்ளையள இதுக்காக ஸ்கூல விட்டு வெளியேத்தின கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1986ல தீர்ப்பு வந்துது. அந்தப் பிள்ளையள் மரியாதையா எழுந்து நின்னாங்க, அவங்க மத நம்பிக்கை காரணமா பாடல்ல, அவ்வளவுதான். நின்னதே மரியாதைதான்னு சொல்லி திரும்பச் சேக்க உத்தரவு போட்டாங்க. கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் அடுத்தடுத்து இருக்க நம்ம மாவட்டத்துல இத ஒவ்வொரு வாத்தியாரும் தெரிஞ்சி வைக்கணும்.

முக்கடல் கடைக்காரி எழுதியது:

கன்னியாகுமரியில கடை வச்சிருக்கேன். இங்க வருக டூரிஸ்ட்ல சிலபேர் கொடிய தோள்ல போத்திக்கிட்டு அலையில எறங்கி போட்டோ எடுப்பாங்க. கொடி தண்ணியில படக்கூடாதுங்க, ஈரமா மணல்ல இழுபடும்போ மனசு கெடந்து அடிக்கும். நான் கடையில நின்னே கூப்பிட்டு சொல்லுவேன், பாஷை தெரியல்லன்னாலும் கொடியையும் மணலையும் காட்டி கைய அசைச்சா புரிஞ்சிக்கிடுவாங்க, பெரும்பாலும் சாரின்னு சொல்லி மடிச்சிருவாங்க. காந்தி மண்டபத்துக்குள்ள ரீல்ஸ் எடுத்து ஆடுகவங்ககிட்டயும் இதேதான். 1948ல காந்தியோட அஸ்தி கலசத்த கடல்ல கரைக்க முன்னால ஜனங்க பாக்க வச்ச எடம் இது, அக்டோபர் 2 அன்னைக்கு அந்த எடத்துல வெயில் விழுக மாதிரி கட்டியிருக்காங்கன்னு சொன்னா சத்தம் தன்னால கொறையும். கோவப்பட்டு சொன்னா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.

தக்கலை படிப்பகம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விதிய பிரிண்ட் எடுத்து பெரியவருகிட்ட வாசிச்சுக் காட்டினேன், முழுசா கேட்டுட்டு, அப்போ நானே மொத கொடிய வைக்கேன்னு சொல்லிட்டாரு. வாற ஞாயித்துக்கிழமை விடியக்காலம் படிப்பகத்துக்குப் பின்னால பேப்பர் கொடியையும் கிழிஞ்ச துணிக்கொடியையும் எரிக்கோம், போனுக்கு தடை. பாலியஸ்டர்ல கிழியாதத துவைக்க ரெண்டு அக்காமாரு எடுத்துட்டுப் போயாச்சு. குச்சியில ஒட்டின பிளாஸ்டிக் கொடிய மட்டும் இப்போதைக்கு தனியா கட்டி வச்சிருக்கோம். மொட்டமாடி வீடுகளுக்கு தோவாளை அண்ணன் சொன்ன மாதிரி காத்தச் சொல்லியே போயி, பழச வாங்கிட்டு பருத்திக் கொடி ஒண்ணு குடுக்கலாம்னு படிப்பகத்துல பேசியாச்சு, அதுக்கு எல்லாரும் காசு பிரிவு போடுகோம். வீட்டுக்கு எந்த சைஸ் வாங்கணும்? படிப்பகத்துக்கும் புதுசு வேணும்.

அருமனை எக்ஸ் சர்வீஸ்மேன் எழுதியது:

எந்த சைஸ் வாங்கினாலும் நீளம் 3 பங்கு, ஒயரம் 2 பங்கு இருக்கணும். வீட்டுக்கு 450க்கு 300 மில்லிமீட்டர் போதும், படிப்பகத்துக்கு 900க்கு 600 வாங்குங்க. கடையில விரிச்சிப் பாக்காம வாங்காதுங்க, சக்கரம் ரெண்டு பக்கமும் நேரா நடுவுல இருக்கான்னு பாருங்க, ஆரம் 24 எண்ணிருங்க. கயிறு போடுக பக்கம் தையல் ரெட்டையா இருக்கணும். ஞாயித்துக்கிழமை விடியக்காலம்தானே, நானும் வாறேன், எடம் எங்கன்னு மெசேஜ் பண்ணுங்க.