கர்ப்பகால வகுப்பில் மனசைப் பற்றிச் சொல்லித் தருகிறார்களா?

கேள்வி:
ஏழாவது மாதம். வகுப்பில் மூச்சுப் பயிற்சி, பால் கொடுக்கும் முறை எல்லாம் விலாவாரியாகச் சொல்கிறார்கள். குழந்தை பிறந்த பிறகு மனசு என்ன ஆகும் என்று கேட்டால், "தானாகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில் 1:
பாதி உண்மை. பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் மளமளவென்று இறங்கும். முதல் சில நாள் சும்மாவே அழுகை வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. குழந்தை தூங்கினாலும் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எல்லாரும் அசதி என்றார்கள் (அசதி என்றால் தூக்கம் வர வேண்டாமா?). அப்புறம் மருத்துவர், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கலாமா என்று பார்க்கும் எடின்பரோ அளவுகோல் படிவத்தைக் கொடுத்தார். 1987-ல் வந்தது, 10 கேள்விகள்தான். அதை வைத்தே நோய் என்று முடிவு செய்ய மாட்டார்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று தெரியும். கடைசிக் கேள்வி தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அந்த எண்ணம் இருந்தால், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அன்றைக்கே பேசிவிட வேண்டும்.

பதில் 2:
கணவரையும் வகுப்புக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரி யார் எழுவது என்பதை இப்போதே பேசிவிடுங்கள். அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வரும், யாரும் கேட்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. படிவம் பற்றி அடுத்த வகுப்பிலேயே கேட்கிறேன். அவரையும் கூட்டிப்போகிறேன், முனகினாலும் சரி.