பின் ஆக்சில் ஸ்டட் மறுபடி உடைந்தது, அவசர உதவி

சேற்றுவண்டி:
ஆக்சில் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) மறுபடியும் போச்சு. ஆறில் இரண்டு. ஒன்று ஹப்புக்குள்ளேயே (சக்கரம் மாட்டும் நடுக்குடத்துக்குள்) முறிந்து நிற்கிறது. ஒரே வருடத்தில் மூன்றாவது முறை. போன தடவை புதிது போட்டு நன்றாக முறுக்கித்தான் விட்டேன். உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது? நாளைக்குள் வண்டி வேண்டும்.

கியர்பெட்டி:
என்ன வண்டி? எந்தப் பக்கம்? வீலை மாட்டும் ஸ்டட்டா, ஆக்சில் தண்டின் ஃபிளாஞ்சை (நுனியில் இருக்கும் வட்டத் தட்டை) ஹப்போடு பிடிக்கும் ஸ்டட்டா?

நாலுகால்:
டயரைப் பெரிதாக மாற்றியிருப்பீர்கள், அதுதான் காரணம். லாக்கர் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு) உண்டா?

பழையஇரும்பு:
'நன்றாக முறுக்கி' என்றால் எத்தனை நியூட்டன் மீட்டர்? முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது. ஸ்டட் வண்டியை இழுப்பதில்லை தம்பி. அது ஃபிளாஞ்சை ஹப்போடு அமுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். விசையைத் தாங்குவது அந்த இரண்டு முகங்களின் உராய்வும், நழுவாமல் நிறுத்தும் டவல் பின்னும், கூம்பு வடிவக் கோன் வாஷரும். நட்டு தளர்ந்தால் ஃபிளாஞ்ச் முன்னும் பின்னும் நழுவி ஸ்டட்டை ஆட்டி ஆட்டியே ஒடித்துவிடும். இதெல்லாம் இங்கே எத்தனை முறை எழுதியாகிவிட்டது.

சேற்றுவண்டி:
பின் வலது. ஃபிளாஞ்ச் ஸ்டட். லாக்கர் இல்லை. டயர் கொஞ்சம் பெரிசு.

கியர்பெட்டி:
வண்டி பெயர் இன்னும் வரவில்லை! சரி, கழற்றியபோது ஃபிளாஞ்ச் முகத்தில் எண்ணெய் இருந்ததா? உடைந்த ஸ்டட்டின் முகத்தையும் பாருங்கள். சிப்பி ஓடு மாதிரி வரிவரியாக இருந்தால் ஒரே அடியில் போனதல்ல, பல நாள் ஆடி உடைந்தது.

நாலுகால்:
ஸ்டட்டை 12.9 தரத்தில் (10.9-ஐ விட வலுவானது) போட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

பழையஇரும்பு:
தீராது. தளர்ந்த நட்டில் 12.9 ஆனாலும் உடையும். அதற்கு முலாம் பூசினால் ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் ஆபத்து வேறு. 10.9 போதும்.

நாலுகால்:
என் வண்டியில் நாலு வருடமாக 12.9தான் ஓடுகிறது.

பழையஇரும்பு:
ஓடுகிற வரை ஓடும். திரெட்டில் (மரையில்) எண்ணெய் தடவி முறுக்கினீர்களா, காய்ந்தபடியா? எண்ணெய் இருந்தால் அதே டார்க்கில் ஸ்டட் இன்னும் அதிகமாக இழுபடும், தெரியுமா?

நாலுகால்:
தெரியும் ஐயா. கேட்டவர் வேறு ஒருவர்.

கியர்பெட்டி:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். உடைந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்துத் திருப்புங்கள். உள்ளே போயிருந்தால் சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட்டால் மெதுவாகத் துளையுங்கள். உடைந்த பிறகு அதில் இழுவிசை இல்லை, பல நேரம் டிரில்லோடு தானே சுழன்று வந்துவிடும். ஸ்குரூ எக்ஸ்ட்ராக்டரை (உடைந்த துண்டைத் திருகி எடுக்கும் கருவியை) மட்டும் பலமாக முறுக்காதீர்கள். அது உள்ளே ஒடிந்தால் டிரில்லும் ஏறாது.
போடும்போது ஆறையும் மாற்றுங்கள். மீதி நாலும் களைத்துப்போயிருக்கும். ஓட்டைகளை டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்து, பிரேக் கிளீனர் அடித்து, நடுத்தர லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) வைத்து ஏற்றுங்கள். இரண்டு முகமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும். ஃபிளாஞ்ச் ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் புது ஸ்டட்டும் நிற்காது. மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க்கை ஒருமுறை சரிபாருங்கள்.

மண்சாலை:
எனக்கு இதே கதை நடந்தது. ஆக்சிலின் பிரீதர் (உள்ளே ஏறும் அழுத்தம் வெளியேறும் சிறு துளை) அடைத்திருந்தது. சூடானால் உள்ளே அழுத்தம் ஏறி, டிஃபரென்ஷியல் (இரு சக்கரத்துக்கும் விசை பிரிக்கும் கியர்) எண்ணெய் ஃபிளாஞ்ச் வரை கசிந்துவிடும்.
ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில்தானே (வண்டி எடையைத் தண்டு சுமக்காத வகை)? அப்படியானால் அவசரத்துக்குத் தண்டை உருவி, ஹப் வாயை மூடி, முன் சக்கர இழுப்பில் மெல்ல வீடு சேரலாம். செமி ஃப்ளோட்டிங் என்றால் தண்டை எடுத்தால் வீலும் கூடவே வந்துவிடும், ஜாக்கிரதை.

பழையஇரும்பு:
பிரீதரைச் சொல்லத்தான் வந்தேன்.

நாலுகால்:
அதுதானே!

சேற்றுவண்டி (ஒன்பது நாள் கழித்து):
பிரீதரில் குளவி கூடு கட்டியிருந்தது. ஃபிளாஞ்ச் முகமெல்லாம் எண்ணெய். துண்டு டிரில்லிலேயே வந்துவிட்டது. நன்றி.

கியர்பெட்டி:
நல்லது. ஆறையும் மாற்றினீர்களா? டார்க் எவ்வளவு? அப்புறம், என்ன வண்டி?