37-வது வாரம், ஜி.பி.எஸ். பாசிட்டிவ்: இப்பவே மாத்திரை போடலாமா?

தாமரை_நியூஜெர்சி:
எனக்கு முதல் பிரசவம். போன வாரம் டாக்டர் பஞ்சுக்குச்சியால பிறப்புறுப்புலயும் ஆசனவாயிலயும் தடவி எடுத்தாங்க. இன்னைக்கு ரிசல்ட்: ‘குரூப் பி ஸ்ட்ரெப் பாசிட்டிவ்’, அதாவது ஜி.பி.எஸ்.ங்கிற பாக்டீரியா இருக்காம். பிரசவத்தப்போ ட்ரிப்ஸ்ல பென்சிலின் போடுவோம்னு போன்ல சொல்லிட்டு வெச்சுட்டாங்க. எனக்கு அரிப்போ வெள்ளைப்படுதலோ எதுவுமே இல்லை. அத்தை ஊர்ல இருந்து “எங்க காலத்துல இதெல்லாம் யார் பார்த்தா?”ங்கிறாங்க. இப்பவே மாத்திரை போட்டா சரியாகிடாதா? சின்ன வயசுல பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுதுன்னு அம்மா வேற சொல்றாங்க.

கோவைப்பொண்ணு:
எனக்கு ரெண்டு பிரசவத்துலயும் இந்த டெஸ்ட் எடுக்கலைப்பா. இங்க எல்லாருக்கும் எடுக்கிற வழக்கம் இல்லை. லண்டன்ல இருக்கிற என் தங்கச்சிக்கும் எடுக்கலை.

லேபர்வார்டு_அக்கா:
தாமரை, இது பால்வினை நோய் இல்லம்மா, சுத்தக்குறைவால வந்ததும் இல்லை. குடல்ல சும்மா குடியிருக்கிற கிருமி. அங்கிருந்து பிறப்புறுப்புக்கு வரும், போகும். அமெரிக்காவுல கர்ப்பிணிகள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு இருக்கு. கவலை குழந்தைக்காகத்தான். பிரசவத்தப்போ மருந்து போடாம விட்டா, இப்படிப்பட்ட அம்மாக்களோட குழந்தைகள்ல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்கு முதல் வாரத்துலயே ரத்தத்துலயோ நுரையீரல்லயோ தொற்று வரலாம். வந்தா சில மணி நேரத்துல குழந்தை துவண்டுடும்.

மாத்திரை வேண்டாம். இப்ப அடங்கினாலும் பிரசவத்துக்குள்ள கிருமி திரும்பி வந்துடும். வலி எடுத்ததும், இல்லை பனிக்குடம் உடைஞ்சதும் முதல் டோஸ். அப்புறம் குழந்தை பிறக்கிற வரைக்கும் நாலு மணி நேரத்துக்கு ஒருதரம். பிறக்கிறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியாவது மருந்து ஏறியிருந்தாத்தான் முழுப் பலன். அதனால பனிக்குடம் உடைஞ்சா, வலி இல்லைன்னாலும் வீட்டுல காத்திருக்காதீங்க. உள்ள நுழைஞ்சதும் ‘ஜி.பி.எஸ். பாசிட்டிவ்’னு நீங்களே சொல்லிடுங்க. வலி வராம, பனிக்குடம் உடையாம, முன்கூட்டியே நாள் குறிச்சு சிசேரியன் பண்ணினா இதுக்கான மருந்து தேவையில்லை.

அத்தை சொல்றது உண்மைதான், அப்ப யாரும் பார்க்கலை. அமெரிக்காவுல 1990-ல ஆயிரம் குழந்தைக்கு 1.8 பேருக்கு இந்தத் தொற்று வந்துட்டிருந்தது. 2002-ல எல்லா கர்ப்பிணிக்கும் பரிசோதனைன்னு அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையம் சி.டி.சி. சொல்லிச்சு, 2015-ல அது 0.23. அந்தக் குறைவுல ஒவ்வொண்ணும் ஒரு குழந்தை, அதை அத்தைகிட்ட பொறுமையா சொல்லுங்க.

எனக்குப் பதறினது உங்க கடைசி வரிதான். அந்த அலர்ஜி உங்க ஃபைல்ல இருக்கா? நாளைக்குக் காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லுங்க. வெறும் தடிப்பா, முகம் வீங்கினதா, மூச்சு திணறினதான்னு அம்மாகிட்ட கேட்டு வெச்சுக்குங்க. லேசான தடிப்புன்னா பென்சிலினுக்குப் பதிலா செஃபசோலின்ங்கிற ஆன்டிபயாடிக் போடுவாங்க. கடுமையானதுன்னா கிளின்டாமைசின், ஆனா உங்க கிருமிக்கு அது கேட்குமான்னு லேப்ல பார்த்திருக்கணும், கேட்காதுன்னா வான்கோமைசின். நீங்க சொன்னாத்தான் லேப் அதைப் பார்க்கும். சின்ன வயசு அலர்ஜி பலருக்கு வளர்ந்ததும் போயிடும். கர்ப்பத்துலயே அலர்ஜி டெஸ்ட் எடுக்கலாம், கேளுங்க.

தாமரை_நியூஜெர்சி:
அக்கா, கூப்பிட்டேன். ஃபைல்ல அலர்ஜியே பதிவாகலை! இப்ப சேர்த்துட்டாங்க, அதே சாம்பிள்ல கிளின்டாமைசினும் பார்க்கச் சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது தடிப்பு மட்டும்தான், மூச்சுத்திணறல் இல்லையாம். குழந்தை பிறந்தப்புறம் எதையாவது கவனிக்கணுமா?

லேபர்வார்டு_அக்கா:
ரொம்ப நல்லதும்மா. தாய்ப்பால் தாராளமா குடுங்க. குழந்தை முனகி முனகி மூச்சு விட்டா, பால் குடிக்காம தூங்கிக்கிட்டே இருந்தா, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ உடனே தூக்கிட்டு ஓடுங்க. ட்ரிப்ஸ் மருந்து முதல் வாரத்துத் தொற்றைத்தான் தடுக்கும். அதுக்கப்புறம் மூணு மாசம் வரைக்கும் வர்றதைத் தடுக்காது. உங்க அம்மா பிள்ளை பார்க்க வர்றாங்கன்னா அவங்களுக்கும் இதைச் சொல்லி வைங்க.