கொழும்புப் பதிவு: புதுப்பிப்பு

போன கிழமை கொழும்பைப் பற்றி எழுதியிருந்தேன். காலி வீதி நெரிசல் மூச்சு முட்டுது, ஓட்டோக்காரர் வாய்க்கு வந்த விலை சொல்லுகினம், மட்டக்களப்பில இருந்து வந்த எனக்கு இந்த ஊர் ஒத்துவராது என்று. "புறக்கோட்டைக் கடைத்தெருக்களைப் பார்க்காமல் திரும்பாதேங்கோ" என்று கனபேர் பதில் போட்டிருந்தீங்கள். போனேன்.

நெரிசல் அங்கே இன்னும் மோசம். சுமை தூக்கும் நாட்டாமைமார் மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வர, சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டியிருக்கு. ஆனால் இரண்டாம் குறுக்குத் தெருவில நிமிர்ந்து பார்த்தால் அந்தச் சிவப்புப் பள்ளிவாசல்! 1908இல் கட்டத் தொடங்கினது. செங்கல்லில சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாக, மாதுளம்பழம் மாதிரிக் குமிழ்கள். வெயிலையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கேயிருந்து நடந்தால் செட்டியார் தெரு நகைக்கடைகள், கதிரேசன் கோயில். எல்லாப் பக்கமும் தமிழ்தான் கேட்குது.

பிக்மீ என்ற கைபேசிச் செயலியில ஓட்டோ பிடிக்கச் சொன்னவருக்கு நன்றி, விலைப் பேச்சே இல்லை.

மனசு ஆறாத விஷயம் ஒன்றும் இருக்கு. ஒரு அலுவலகத்தில தமிழ்ப் படிவம் முடிஞ்சுது என்று சிங்களப் படிவத்தை நீட்டினார்கள். பக்கத்தில நின்ற மலையகத்து அம்மா ஒருவர் அதை யாரிடம் கொடுத்து நிரப்புவது என்று தவிச்சுக்கொண்டு நின்றா. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல், அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலேயே எழுதியாச்சு. கொழும்பிலேயே இப்படி என்றால் கோபம் வராதா? முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுறேன்.