ஆட்குறைப்பு செய்யும் கம்பனிகளில் உண்மையிலேயே நடு மனேஜர்கள் கூடிப்போய்விட்டார்களா?

உப்புவெளியான்:
வணக்கம். திருகோணமலையில் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் சாமான் விநியோகிக்கும் ஒரு கம்பனியின் கிளையில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம். போன மாதம் கொழும்பிலிருந்து "நிர்வாகப் படிகளைக் குறைக்கிறோம்" என்று மெயில் வந்தது, அடுத்த கிழமையே எங்கள் சுப்பவைசருக்கும் மூதூர்ப் பக்கம் பார்த்தவருக்கும் விருப்ப ஓய்வுக் கடிதத்தை நீட்டிவிட்டார்கள். படி கூடத்தான், அதை மறுக்கவில்லை. எனக்கு மேலே சுப்பவைசர், கிளை மனேஜர், ஏரியா மனேஜர், ரீஜனல் மனேஜர், அதற்கு மேல் கொழும்பில் யார் யாரோ. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா, அமேசன் எல்லாம் இதைத்தான் செய்கிறார்களாம். உண்மையிலேயே தேவையான வேலையா, இல்லை சம்பளத்தை மிச்சம் பிடிக்க ஒரு சாட்டா?

வெள்ளவத்தை_கோடர்:
முழுக்கச் சாட்டு என்று சொல்ல மாட்டேன். மெட்டா கொரோனாக் காலத்தில் கண்டபடி ஆள் எடுத்தது. 2022 நவம்பரில் 11,000 பேரை அனுப்பி, 2023 மார்ச்சில் இன்னும் 10,000 பேர் என்றார்கள், அப்போதுதான் மனேஜர்கள் பலரிடம் "இனி நீங்களும் கோட் எழுதுங்கள்" என்று சொன்னதும். அமேசனின் தலைமை அதிகாரி அன்டி ஜாஸி 2024 செப்டெம்பரில் ஊழியர்களுக்கு எழுதியது இன்னும் சுவாரசியம்: முடிவெடுக்கும் மீட்டிங்குக்கு முன்னால் ஒரு மீட்டிங், அதற்கும் முன்னால் இன்னொரு மீட்டிங் நடக்கிறதாம். ஒரு மனேஜருக்கு எத்தனை ஊழியர் என்ற விகிதத்தை 2025 மார்ச் முடிவுக்குள் குறைந்தது 15 சதவீதம் கூட்டச் சொன்னார். எங்கள் ஒபிஸிலும் இதே கூத்துத்தான். மூன்று பேர் கோட் எழுத, நான்கு பேர் அது எங்கே நிற்கிறது என்று கேட்பார்கள்.

கணக்கர்_ஓய்வு:
தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் கம்பனிக் கணக்குப் பார்த்தவன் சொல்கிறேன். இந்தப் படிகள் தானாக முளைப்பதில்லை. நல்லா வேலை செய்கிற ஒருவருக்குச் சம்பளம் கூட்டவேண்டும், ஆனால் அந்தத் தரத்துக்கு உச்ச வரம்பு வந்துவிட்டது, அப்போ என்ன செய்வார்கள்? "உதவி மனேஜர்" என்று ஒரு பட்டத்தைக் கொடுப்பார்கள். பட்டம் கொடுத்தபின் கீழே இரண்டு பேராவது வேண்டுமே. பத்து வருடம் இப்படிப் போனால் நீங்கள் சொன்ன அடுக்கு வந்துவிடும், ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் ஒரு படிகூடக் கீழே இறங்கியிருக்காது.

ஒன்று கேட்கிறேன். சீசன் நேரம் நிலாவெளியில் ஒரு சின்ன ஹோட்டல்காரர் இரண்டு கிழமைக் கடனுக்குச் சாமான் கேட்டால், உங்கள் கிளை மனேஜரால் கொடுக்க முடியுமா? முடியாது என்றால் எத்தனை பேரை வெட்டினாலும் கம்பனி வேகமாகாது. எண்ணவேண்டியது படியை அல்ல, ஒரு முடிவுக்கு எத்தனை கையெழுத்து என்பதைத்தான்.

மனேஜரே வேண்டாம் என்பதும் சரிவராது. கூகுள் 2002 வாக்கில் மனேஜர் இல்லாமல் நடத்திப் பார்த்தது, செலவுக் கணக்கிலிருந்து ஆளுக்காள் சண்டை வரைக்கும் எல்லாம் நேரே நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜிடம் போனதால் சில மாதத்தில் கைவிட்டார்கள். பிறகு 2008இல் மனேஜர்களால் பிரயோசனம் இல்லை என்று நிரூபிக்கப் போய், நல்ல மனேஜரின் கீழ் இருப்பவர்கள் வேலையை விட்டுப் போவது குறைவு என்று கண்டுபிடித்தார்கள்.

உப்புவெளியான்:
ஐயா, கடன் கதையை நேரில் பார்த்தமாதிரிச் சொல்கிறீர்கள். போன சீசனில் அப்படி ஒருவர் கேட்டார். கிளை மனேஜர் ஏரியா மனேஜருக்கு அனுப்ப, அவர் "அனுமதிக்காக மேலே அனுப்புகிறேன்" என்று ஒரு வரி போட்டு ரீஜனலுக்கு அனுப்ப, அவரும் அதே வரியை அப்படியே போட்டுக் கொழும்புக்கு அனுப்பினார். ஒருவர்கூடத் தன் அபிப்பிராயம் எழுதவில்லை. பதில் வந்தபோது ஹோட்டல்காரர் வேறு ஆளிடம் சாமான் இறக்கிவிட்டார். யார் காசு ஒழுங்காகக் கட்டுவார், யார் இழுப்பார் என்று தெரிந்த ஒரே ஆள் சுப்பவைசர்தான், இப்போது போகப்போவதும் அவர்தான். அந்த ஒரு வரி போட்டவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

வெள்ளவத்தை_கோடர்:
சரி, அப்படிப் பார்த்தால் உங்கள் கம்பனி செய்வது படிக்குறைப்பே இல்லை. கொழும்பில் பட்டியல் போடுகிறவர் தன் பக்கத்து அறைக்காரரின் பெயரை எழுதவா போகிறார்?

தொழில்_சட்டம்:
படியை விடுங்கள், கடிதம் வாங்கிய இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்களா? 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஆளை நிறுத்த ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் இருக்கிறது. இங்கே கம்பனிகள் "விருப்ப ஓய்வு" என்று இனிப்பாகப் பேசுவது அந்தச் சம்மதத்துக்காகத்தான். ஐந்து வருடம் முடிந்திருந்தால் பணிக்கொடை எப்படியும் சேரவேண்டியது, அதையும் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டிப் பெரிய காசு மாதிரித் தோன்றவைப்பார்கள், பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள்.

உப்புவெளியான்:
மூதூர் அண்ணன் போட்டுவிட்டார். சுப்பவைசர் இன்னும் போடவில்லை, வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் கொடுத்திருக்கிறார்கள். இதை இப்போதே அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

தொழில்_சட்டம்:
அனுப்புங்கள். டவுனில் இருக்கும் தொழில் அலுவலகத்துக்கு ஒருதரம் போய்க் கேட்டுவிட்டுப் போடட்டும், கடிதத்தின் பிரதியையும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.