கலைவாணர் குரலை எங்கே கேட்டீர்கள்? நீலகிரிக்காரர்கள் எழுதுங்கள்

லைன்வீட்டுக்காரன், குன்னூர்:
சிரிப்பு நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், நம் என்.எஸ்.கே., யார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். எழுபதுகளில் எங்கள் எஸ்டேட்டில் எப்போதாவது படம் காட்டுவார்கள். காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து மஸ்டர் போடும் களத்தில் வெள்ளை வேட்டி கட்டி, பதினாறு எம்.எம். மெஷின் வைத்து. துரைக்கும் ரைட்டருக்கும் நாற்காலி. மற்றவர்களுக்குச் சாக்கும் கம்பளியும். அன்றைக்கு வந்த படம் ‘நல்லதம்பி’. 1949ல் அண்ணா எழுதிய படம், மலையேறி எங்களிடம் வந்து சேர அத்தனை வருஷம்.

அதில் கிந்தனார் காலட்சேபம் வருமே, நந்தனார் சிதம்பரம் போக ஆசைப்பட்ட மாதிரி கிந்தன் படிப்பதற்காகப் பட்டணம் போக ஆசைப்படுவானே, அந்த இடம். ரயில் கட்டம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரே கூச்சல், ‘இன்னொருக்கா போடு’ என்று. படம் காட்டுகிறவர் முதலில் கேட்காத மாதிரி இருந்தார். விசில் பறந்தது. துரையே கையைக் காட்டிவிட்டார். ரீலைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டார்கள். பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள், அதனால் கடைசி ரீல் ஓடவே இல்லை. யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

மறுநாள் அதே களத்தில் பையன்கள் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு ரயில் விட்டோம். எஞ்சின் பையன் கடைசியில் நின்று எல்லோரையும் தள்ளினான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் ரயிலில் எஞ்சின் பின்னால்தானே இருக்கும், எங்களுக்குத் தெரிந்த ரயில் அது ஒன்றுதான். எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் லைனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வருஷமே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கொழுந்து எடுக்க அனுப்பினார்கள். எங்கள் அப்பாவும்தான். எதற்குச் சிரித்தார்கள்?

ஹட்டிப் பையன், கோத்தகிரி:
அண்ணா, என்னுடையது சின்னது. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு வரும் கடைசி பஸ். நடுவட்டம் தாண்டியதும் மிஸ்ட் இறங்கி, டிரைவர் ஓரங்கட்டிவிட்டார். விளக்கையும் அணைத்தாயிற்று. பின் சீட்டில் ஒரு பெரியவர், முண்டாசு கட்டியவர், தானாகவே ‘ராஜா ராணி’யில் வரும் அந்தச் சிரிப்புப் பாட்டை எடுத்தார். சிரிப்பில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் கலைவாணர் சிரித்துக் காட்டுவாரே, அதேபோல ஒவ்வொன்றாக. பஸ்ஸே குலுங்கியது. கண்டக்டர் டிக்கெட் கட்டையைத் தட்டித் தாளம் போட்டார்.

ஒரு சிரிப்பில் நின்றுபோனார். இருமுகிறாரா, அழுகிறாரா, பாட்டில் அடுத்த வகையா, தெரியவில்லை. நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். பிறகு பஸ் கிளம்பியது. தலைகுந்தாவில் அவர் இறங்கும்போது நான் முகத்தைப் பார்க்க முயன்றேன்; மப்ளரை மூக்குவரை ஏற்றிக் கட்டியிருந்தார். அவ்வளவுதான்.

பழைய ரேடியோ, அரவங்காடு:
சிரிப்புப் பாட்டு, கிந்தனார் எல்லாம் சரி. வில்லுப்பாட்டைப் பற்றி ஒருவரும் பேசக் காணோமே. எங்கள் வீட்டில் வால்வு ரேடியோ, போஸ்டாபீஸில் லைசென்ஸ் கட்டி வைத்திருந்தது. பொத்தானைத் திருகினால் உள்ளே மஞ்சள் வெளிச்சம் வந்து, சூடேறி, அப்புறம்தான் குரல் வரும். மழை நாளில் திருச்சி நிலையம் அலையலையாகப் போய்ப் போய் வரும், இலங்கை மட்டும் கணீரென்று கேட்கும். அப்பா காந்தி கதை வில்லுப்பாட்டை அதில் கேட்டுவிட்டு, ‘நாகர்கோவில்காரர் சொன்னால் காந்தியே பக்கத்துத் தெருக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார்’ என்பார். ஒருநாள் பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. அப்பா ரேடியோ முன்னாலேயே உட்கார்ந்து மீதியைத் தானே சொல்லி முடித்தார், பின்பாட்டுக்காரரின் ‘ஆமா’வோடு சேர்த்து. அவருக்கு அவ்வளவு பாட்டு தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தேயிலைக் கணக்குப்பிள்ளை, குன்னூர்:
பழைய ரேடியோ அவர்களே, காந்தி மகான் கதை வில்லுப்பாட்டு கொத்தமங்கலம் சுப்புவினுடையது. கலைவாணர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

பழைய ரேடியோ, அரவங்காடு:
ஐயா, சுப்பு என்று இரண்டு பேர். கொத்தமங்கலம் சுப்பு ஜெமினிக்காரர், ‘ஔவையார்’ எடுத்தவர், அவர் சொன்ன காந்தி கதை தனி. இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்து சுப்பு ஆறுமுகம். அவரைச் சென்னைக்கு அழைத்துவந்து காந்தி கதையை வில்லுப்பாட்டாக எழுதச் சொல்லித் தான் பாடியவர் கலைவாணர். சுப்பு ஆறுமுகம் 2022ல்தான் காலமானார், பத்மஸ்ரீ வாங்கியவர். என் அப்பா ‘நாகர்கோவில்காரர்’ என்றார் என்று எழுதியிருக்கிறேனே, அதைப் படிக்கவில்லையா? ஒழுகினசேரியில் பிறந்தவருக்கு வில்லு, குடத்தை எல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்த ஊர்க் கோயில் கொடையில் கேட்டு வளர்ந்தது.

ஃபிலிம்காரன், இந்து நகர், ஊட்டி:
எச்.பி.எஃப். என்கிற ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் ஃபிலிமுக்குப் பூச்சு போடும் பிரிவில் இருந்தவன் நான். வேலை முழுக்க இருட்டில். ஓய்வு பெற்ற பிறகு ஒரு எஸ்டேட்டிலிருந்து துருப்பிடித்த டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூடியைத் திறந்தால் வினிகர் வாடை மூக்கில் அடித்தது. பதினாறு எம்.எம். ரீல், நமத்துப்போன அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. வெளிச்சுற்றில் கையகலம் மட்டும் பிரிந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கலைவாணர் வாயைத் திறந்தபடி, பக்கத்தில் அவர் மனைவியும் ஜோடி நடிகையுமான மதுரம் அம்மா இடுப்பில் கைவைத்து முறைத்துக்கொண்டு. அடுத்த கட்டமும் அதே, அதற்கடுத்ததும் அதே. அவர் சொன்னது என்ன, அம்மா பதிலுக்குச் சொன்னது என்ன, அது ஒட்டிய பகுதிக்குள் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். வினிகர் வாடை வந்த ரீலை நல்ல ரீல்களோடு வைக்காதீர்கள், அந்த அமில ஆவி மற்றதையும் கெடுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கவும் கூடாது. ஊட்டிக் குளிர் ஃபிலிமுக்கு நல்லதுதான், ஈரம்தான் எமன். ஜூன், ஜூலையில் பூஞ்சை பிடிக்காத வீடே கிடையாது. முப்பத்தைந்து எம்.எம். பழைய ரீல், 1950க்கு முந்தியது என்றால் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும், அதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதிலேயே இருக்கிறது. வீட்டுப் பரணில் வைக்கவே வைக்காதீர்கள். கிராமபோன் தட்டு வைத்திருப்பவர்கள் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கக் கூடாது, அந்தத் தட்டு அரக்கு, கரைந்துவிடும். ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, நடுவில் உள்ள லேபிள் நனையாமல். அடுக்கிப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். எஃகு ஊசியை ஒரு பக்கம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும். அப்போதைய கடைக்காரர்கள் டப்பா டப்பாவாக விற்றது அதற்காகத்தான். புது ரெக்கார்டு பிளேயரின் ஊசி அந்தப் பள்ளத்துக்கு ரொம்ப மெல்லிசு, பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும்.

ஹட்டன் பேத்தி, கோத்தகிரி:
ஃபிலிம்காரன் ஐயா, எங்கள் வீட்டில் தட்டும் இல்லை, ரீலும் இல்லை. டிரான்சிஸ்டர் ஒன்றுதான். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் நாங்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு. ஊரை விட்டாலும் இலங்கை வானொலியை விடவில்லை. அதில் வரும் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சியில் கலைவாணர் பாட்டு வந்தால் மட்டும் பாட்டி எழுந்து அணைத்துவிடும். ஏன் என்று கேட்டால், ‘ஜெயிலுக்குப் போனவன் பாட்டு’ என்று ஒரே வரி.

பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு அது. 1944 நவம்பரில் அவரை வேப்பேரியில் குத்தினார்கள். தியாகராஜ பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. இருவரும் நடித்த ‘ஹரிதாஸ்’ தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்க இருவரும் சிறையில். அப்போதைய மேல்முறையீட்டுக் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947ல் விடுதலை. இதையெல்லாம் சித்தப்பா ஒருநாள் பாட்டிக்குப் பொறுமையாகச் சொன்னார், குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள் என்று. பாட்டி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ‘விட்டது சரி. ரெண்டு வருஷத்துக்கு மேல உள்ள இருந்தாரே, அதை யாரு திருப்பிக் குடுத்தா? அதுக்கப்புறமும் இப்படிச் சிரிக்கிறாரே’ என்றது. அப்போதுதான் ‘அவன்’ போய் ‘அவர்’ வந்ததைக் கவனித்தேன். ஆனாலும் கடைசிவரை அணைத்துக்கொண்டுதான் இருந்தது.

தேயிலைக் கணக்குப்பிள்ளை, குன்னூர்:
சுப்பு விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் லைன்வீட்டுக்காரர் தம்பி, ரீலைத் திருப்பிப் போட்டதை ஏதோ படத்துக்குச் செய்த துரோகம் மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்து நகைச்சுவைப் பகுதி பல படங்களில் தனியாகவே நிற்கும். 1936ல் ‘சதிலீலாவதி’யில், அவருக்கு முதல் படம் அது, எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல், அதிலேயே தன் காமெடியைத் தானே எழுதிக்கொண்டார். டைரக்டர் எல்லிஸ் டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். நாடகக் கம்பெனியில் சோடா, முறுக்கு விற்று மேடையேறியவருக்கு எந்த இடத்தில் ஜனம் சிரிக்கும் என்று தெரியாதா? கிந்தனாரும் தனிக் கச்சேரியாகவே போட்டு ஓடிய சரக்கு. எழுதிய உடுமலை நாராயணகவி நம் பக்கத்து ஆள், பூளவாடிக்காரர். உங்கள் களத்தில் பின்வரிசை கேட்டது படத்தை அல்ல, அந்தக் கச்சேரியை.

லைன்வீட்டுக்காரன், குன்னூர்:
நான் கேட்டது அது இல்லைங்க ஐயா.