மாமல்லபுரம் போக ஜெல் சீட் தேவையா?

அருண்: ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்த் திரும்பலாம் என்று யோசனை. ஆனால் கோவளம் வருவதற்குள் உட்காருகிற இடம் மரத்துப்போய்விடுகிறது. பெரிய ஜெல் சீட் ஒன்று வாங்கிவிடட்டுமா?

மீனா அத்தை: காரில் போடா

சித்தப்பா: வாங்காதே. மெத்தென்ற சீட் கடைத்தெருவுக்குப் போய் வரத்தான் சரி. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பெலும்பின் அடிமுனைகள் ஜெல்லுக்குள் அமுங்கி, நடுவிலிருக்கும் ஜெல் மேலே பிதுங்கி, நரம்பும் ரத்தக்குழாயும் போகிற இடத்தைப் போய் அழுத்தும். எடையை எலும்புதான் தாங்க வேண்டும், சதை அல்ல. முதலில் இப்போதைய சீட்டைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்துப் போடு.

அருண்: (போட்டோ)

சித்தப்பா: சீட்டின் மூக்கு வானத்தைப் பார்க்கிறதே!

திவ்யா: 😂😂

அருண்: முன்னால் வழுக்காது என்று கடையில் இப்படி வைத்துக்கொடுத்தார்கள்

சித்தப்பா: அதுதான் அழுத்துகிறது. சீட்டுக்கு அடியில் இருக்கிற போல்ட்டை ஆலன் கீயால், அந்த வளைந்த அறுகோணச் சாவியால், தளர்த்து, சீட் மேல் நீளவாக்கில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்து அதன்மேல் ரசமட்டம் வை, மேஸ்திரி கையில் இருக்குமே அது, இல்லாவிட்டால் செல்போனிலேயே பார்க்கலாம். சைக்கிள் சமதரையில் நேராக நிற்கட்டும். மட்டமாக வைத்தும் மரத்துப்போனால் மூக்கை 2 டிகிரி இறக்கிப் பார். ரொம்ப இறக்கினால் உடம்பு முன்னால் சரியும், முட்டுக்கொடுத்து முட்டுக்கொடுத்துக் கை ஓய்ந்துபோகும்.

திவ்யா: எனக்கு மரப்பதெல்லாம் இல்லை சித்தப்பா, முழங்காலின் முன்பக்கம்தான் வலி

சித்தப்பா: சீட் தாழ்வாக இருக்கும். எவ்வளவு உயரம்?

திவ்யா: சிக்னலில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்றும்

சித்தப்பா: நினைத்தேன். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்க வேண்டும், அதற்காகச் சீட்டை இறக்கி வைத்தால் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் முழங்காலுக்குத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார், குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே முழுக்க இறக்கு. கால் நேராக நீள வேண்டும். அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் அளவு. ஒரேயடியாக ஏற்றியும் விடாதே, இடுப்பு இடமும் வலமும் ஆடினால், முழங்காலின் பின்பக்கம் வலித்தால், ஏறிவிட்டது என்று அர்த்தம். சீட் போஸ்டில், அதாவது சீட்டைத் தாங்குகிற குழாயில், ஒரு கோடு போட்டிருப்பான், அது வெளியே தெரியவே கூடாது, ஃபிரேமே விரிசல் விடும்.

அருண்: சீட்டை முன்னும் பின்னும் தள்ளுவது?

சித்தப்பா: இப்போது அதைத் தொடாதே. முன்னால் தள்ளினால் பெடலுக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம் குறைந்து உயரக் கணக்கும் மாறும். ஒரு நேரத்தில் ஒன்று. பழைய உயரத்தில் கறுப்பு டேப் சுற்றிவிட்டு 5 மில்லிமீட்டர் 5 மில்லிமீட்டராக மாற்று. மாற்றிய கையோடு மாமல்லபுரம் வேண்டாம், நீலாங்கரை வரை போய்ப் பார். சாலையிலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று மிதி, ரத்தம் ஓடும்.

அருண்: பேடு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ்?

சித்தப்பா: ஜெல் சீட்டுக்கு வைத்த பணத்தை அதில் போடு. உள்ளே ஜட்டி போடாதே, தையல் உரசியே புண்ணாகும்.

மீனா அத்தை: இது குடும்ப குரூப்

சித்தப்பா: மருத்துவக் குறிப்பு 🙏

அருண்: ஆலன் கீ இருக்கிறதா சித்தப்பா?

சித்தப்பா: 5, 6 மில்லிமீட்டர் இரண்டும் இருக்கிறது. சாயங்காலம் சைக்கிளோடு வா. திவ்யா, நீயும்தான்.